ஸ்டியரிங்கில் ஆள் இல்லை!

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவி)

கட்டுரைக்குள் நுழையும் முன் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரி இரண்டு விநாடியில் எவ்வளவு தூரம் ஓடும்? 60-ஐ 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு 16.7 மீட்டர். அப்படியென்றால் இரண்டு விநாடிக்கு 33 மீட்டர். நம் ஒர்க்‌ஷாப் வாசலில் இருந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 33 மீட்டரை என் அப்பா ஒரு தடவை தூங்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

நான் முதலாமாண்டு சேர்ந்த வருடம் நடந்தது. சோலாப்பூர் தாண்டி, விடிகாலை மூன்று மணி. முந்தின நாள் பகல் பூராவும் லோடு இறக்கக் காத்திருந்து, சாயங்காலம் ரிட்டர்ன் லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, உடனே கிளம்பியிருக்கிறார். கூட க்ளீனர் இல்லை. "கண்ணு மூடினது எனக்கே தெரியாது அம்மிணி. சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்" என்றார். சென்டர் மீடியனில் ஏறி நின்றது லாரி. பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் போனதோடு சரி. எதிரில் வண்டி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இந்த மலரில் நீங்கள் வேறு யாருடைய கட்டுரையையோ படித்துக்கொண்டிருப்பீர்கள். பம்பர் செலவை ஓனர் நாலு நடைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அது வேறு கதை.

அதனால்தான் செமினாருக்குத் தலைப்பு கொடுத்தபோது, 'தானாக ஓடும் வாகனங்கள்' என்று இருந்ததை வேறு யாரும் எடுக்கும் முன் கையைத் தூக்கிவிட்டேன். வீட்டில் போய்ச் சொன்னால் அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ இதுதான்: "ஏனம்மிணி, அது தானா ஓடுதுன்னே வெச்சுக்குவோம். பஞ்சர் ஆச்சுன்னா யாரு எறங்கி ஸ்டெப்னி மாத்துவா? அப்புறம் எங்களுக்கு என்ன வேலை?"

இரண்டாவது கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

தரைக்குள் ஒரு கம்பி

ஆள் இல்லாத வண்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவில் ஓடும் கார்தான். ஆனால் இது முதலில் நடந்தது ரோட்டில் இல்லை, குடோனில். 1950-களின் முதல் பாதியிலேயே அமெரிக்காவின் பாரெட் எலக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி, டிரைவர் இல்லாமல் சரக்குத் தள்ளுவண்டிகளை இழுத்துப் போகும் ஒரு சின்ன டிராக்டரைச் செய்துவிட்டது. கம்ப்யூட்டர் கிடையாது. கேமரா கிடையாது. பின்னே எப்படி?

நாம் முதலாமாண்டு பிசிக்ஸில் படித்த விஷயம்தான். சிமென்ட் தரையில் காடி வெட்டி, உள்ளே ஒரு கம்பியைப் பதித்துப் பூசிவிடுகிறார்கள். அந்தக் கம்பியில் மாறுதிசை மின்னோட்டம் ஓடும். கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். வண்டியின் முன்னால், அடியில், இடது பக்கம் ஒரு காயில், வலது பக்கம் ஒரு காயில். வண்டி சரியாகக் கம்பிக்கு மேலே போனால் இரண்டு காயிலிலும் ஒரே அளவு வோல்டேஜ். வண்டி வலது பக்கம் ஒதுங்கிவிட்டால் இடது காயில் கம்பிக்கு நெருங்கிவிடும், அதில் வோல்டேஜ் கூடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆம்ப்ளிபை செய்து ஸ்டியரிங் மோட்டாருக்குக் கொடுத்தால், வித்தியாசம் பூஜ்யம் ஆகும் வரை மோட்டார் திருப்பும். அவ்வளவுதான்! தேர்வில் 'குளோஸ்டு லூப் கன்ட்ரோல்' என்று பத்து மார்க் கேள்வி வருமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. முன்னால் யாராவது நின்றால்? பம்பரில் ஒரு லிமிட் ஸ்விட்ச். இடித்தவுடன் கரண்ட் கட். முரட்டுத்தனம்தான். ஆனால் வண்டி நடை வேகத்தில் போவதால் அது போதுமானதாக இருந்தது.

அங்கிருந்து மெல்ல வளர்ந்தது. 1974-ல் சுவீடனில் வால்வோ கம்பெனி கால்மார் என்ற ஊரில் திறந்த தொழிற்சாலையில், கார் பாடிகளை ஒரு குழுவிடம் இருந்து அடுத்த குழுவிடம் கொண்டுபோனது இப்படித் தானாக நகரும் மேடைகள்தான். 1993-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் கப்பலில் இருந்து இறங்கும் கன்டெய்னர்களை டிரைவர் இல்லாத வண்டிகள் சுமக்க ஆரம்பித்தன. 2008-ல் இரண்டு இடங்களில் இது சுரங்கத்துக்குள் போனது. ஒன்று சிலி நாட்டின் செம்புச் சுரங்கம், இன்னொன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பாரா என்ற இரும்புத்தாதுப் பகுதி.

பில்பாராவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்கிறேன், ஏனென்றால் படித்தபோது எனக்கு வாயடைத்துப் போனது. நம் ஊர் டிப்பரை மனதில் வைக்காதீர்கள். ஒரு நடைக்கு 200 டன்னுக்கு மேல் ஏற்றும் லாரிகள். டயரே இரண்டு ஆள் உயரம். கேபினில் யாரும் இல்லை. அவற்றைக் கண்காணிக்கும் ஆட்கள் சுமார் 1500 கி.மீ. தள்ளி, பெர்த் நகரத்தில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2018 ஜூலையில் அதே ரியோ டின்டோ கம்பெனி டிரைவர் இல்லாத ரயிலில் சுமார் 28,000 டன் தாதுவை 280 கி.மீ. தூரம் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதெல்லாம் எப்படி முடிகிறது? லாரி ரொம்பப் புத்திசாலி என்பதால் இல்லை. அந்த இடம் வேலி போட்ட இடம், அதனால் முடிகிறது. லாரி போகும் பாதை முன்கூட்டியே ஜி.பி.எஸ். வரைபடத்தில் போடப்பட்டிருக்கும். அந்த எல்லைக்குள் நுழையும் மனிதர் ஓட்டும் ஜீப்பிலும் இருப்பிடத்தைச் சொல்லும் கருவி இருந்தாக வேண்டும். ஆடு வராது. புல்லட்டில் மூன்று பேர் வரமாட்டார்கள். அப்படி இருந்தும் 2014-ல் ஒரு மேற்கு ஆஸ்திரேலியச் சுரங்கத்தில் டிரைவர் இல்லாத லாரியும் மனிதர் ஓட்டிய தண்ணீர் லாரியும் மோதிக்கொண்டன. இரண்டு இயந்திரங்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்வது சுலபம். இயந்திரமும் மனிதனும் கலக்கும் இடத்தில்தான் சிக்கல்.

நம் நாட்டிலும் இந்த 'வேலி' உதாரணம் இருக்கிறது. டெல்லி மெட்ரோவின் மெஜந்தா லைனில் 2020 டிசம்பர் 28 முதல் டிரைவர் இல்லாத ரயில் ஓடுகிறது. யாரும் குறுக்கே நடக்க முடியாத தண்டவாளம் என்பதால் அது சாத்தியம்.

வேலியைத் தாண்டி

ரோட்டுக்கு வருவோம். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் என்ற பேராசிரியர் 1980-களிலேயே ஒரு பென்ஸ் வேனில் கேமராவும் கம்ப்யூட்டரும் ஏற்றி, காலியான நெடுஞ்சாலையில் மணிக்கு 96 கி.மீ. வரை ஓடவிட்டார். 1995-ல் அவருடைய கார் மியூனிக்கில் இருந்து டென்மார்க் நோக்கி 1600 கி.மீ.க்கும் மேல் போனது. மனிதர் கை வைக்காமல் ஒரே மூச்சில் அதிகபட்சம் 158 கி.மீ. அதே வருடம் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வேன் ஒன்று நாட்டின் கிழக்குப் பகுதியில் இருந்து மேற்குக் கடற்கரை வரை சுமார் 4500 கி.மீ. போனது. அதில் 98 சதவீதத்துக்கு மேல் ஸ்டியரிங்கைக் கம்ப்யூட்டரே பிடித்தது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மட்டும் மனிதர் கால்.

98 சதவீதம்! நம் இன்டர்னலில் வந்தால் ட்ரீட் கேட்பார்கள். ஆனால் 4500 கி.மீ.யில் மீதி 2 சதவீதம் என்பது 90 கி.மீ. அந்த 90 கி.மீ.யை முடிக்கத்தான் அப்புறம் முப்பது வருடம் ஆகியிருக்கிறது, இன்னும் முடியவில்லை.

2004 மார்ச்சில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பா, பாலைவனத்தில் பத்து லட்சம் டாலர் பரிசுப் போட்டி வைத்தது. ஒரு வண்டிகூட 12 கி.மீ.யைத் தாண்டவில்லை. பரிசு யாருக்கும் இல்லை. அடுத்த வருடமே ஐந்து வண்டிகள் 212 கி.மீ.யை முடித்தன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி முதலில் வந்தது. அந்தப் போட்டிகளில் இருந்த பலரைச் சேர்த்து கூகுள் 2009-ல் ஆரம்பித்ததுதான் இப்போதைய வேமோ. 2020 அக்டோபரில் இருந்து பீனிக்ஸ் நகரத்தில் டிரைவர் இல்லாத வேமோ டாக்சியில் பொதுமக்கள் போகிறார்கள்.

இந்தக் கார்களின் கண் மூன்று வகை. கேமரா, ரேடார், லைடார். லைடார் என்பது லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளப்பது. ஒளி ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. போகும். 30 மீட்டர் தூரத்தில் மாடு நின்றால் போகவர 60 மீட்டர், 200 நானோ விநாடி. இருட்டிலும் அளக்கும். தூங்காது. கண் கூசாது.

அப்படியானால் பிரச்சினை எங்கே? பார்ப்பதில் இல்லை. பார்த்தது என்ன என்று புரிந்துகொள்வதில்!

டெம்பி நகரத்தில் ஓர் இரவு

2018 மார்ச் 18. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், டெம்பி நகரம். இரவு பத்து மணி வாக்கில் ஊபர் கம்பெனி சோதனைக்கு விட்டிருந்த ஒரு வால்வோ கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்மணி மீது மோதியது. அவர் இறந்துபோனார். தானாக ஓடும் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான்.

இதை அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 2019-ல் அறிக்கை வெளியிட்டது. அதில் இருக்கும் விவரங்களை நம் பிரிவு மாணவர்கள் எல்லாருமே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே கார் அந்தப் பெண்மணியைக் கண்டுவிட்டது. வேகம் மணிக்கு சுமார் 69 கி.மீ., அதாவது விநாடிக்கு 19 மீட்டர். 5.6 விநாடி என்றால் நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி. அந்த வேகத்தில், ஒன்றரை விநாடி தாமதமாக பிரேக் பிடித்தால்கூட, ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 6 மீட்டர் என்ற வேகக்குறைப்பில் அறுபது மீட்டரில் கார் நின்றிருக்கும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

நிற்கவில்லை. ஏன்? கம்ப்யூட்டர் அவரை முதலில் 'வாகனம்' என்றது. பிறகு 'வேறு ஏதோ பொருள்' என்றது. பிறகு 'சைக்கிள்' என்றது. ஒவ்வொரு தடவை பெயர் மாறும்போதும், அவர் அதுவரை எந்தத் திசையில் நகர்ந்து வந்தார் என்ற கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தது. பாதசாரிக் கோடு இல்லாத இடத்தில் ஒரு மனிதர் ரோட்டைக் கடப்பார் என்பதே அந்த புரோகிராமில் எழுதப்பட்டிருக்கவில்லை! தேவையில்லாமல் பிரேக் அடிக்கக் கூடாது என்பதற்காக, ஆபத்து என்று முடிவெடுத்த பிறகும் ஒரு விநாடி பொறுத்திருக்கும்படி வேறு வைத்திருந்தார்கள். வால்வோ காரில் கம்பெனியே வைத்த தானியங்கி பிரேக், ஊபரின் கம்ப்யூட்டர் ஓட்டும்போது வேலை செய்யாதபடி நிறுத்தப்பட்டிருந்தது.

காரில் ஆளே இல்லையா என்றால், இருந்தார். மேற்பார்வைக்கு ஒரு ஆபரேட்டர் டிரைவர் சீட்டிலேயே இருந்தார். அவருடைய கண் செல்போனில் இருந்தது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் அந்த ஆபரேட்டரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "வேலை இல்லாம சும்மா உக்காந்து ரோட்டையே பாக்கச் சொன்னா எவனாலயும் ஆகாது. ஸ்டியரிங்க கையில புடிச்சிருக்கறப்பவே எனக்குத் தூக்கம் வந்துச்சு" என்றார். செமினாருக்கு நான் புரட்டிய எல்லாவற்றையும்விட இந்த ஒரு வாக்கியம் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 2014-ல் வாகனங்களை 0 முதல் 5 வரை படி பிரித்தது. 0 என்றால் எல்லாம் மனிதன், 5 என்றால் எந்த ரோட்டிலும் எந்த நேரத்திலும் எல்லாம் இயந்திரம். 5 இன்னும் உலகத்தில் எங்கும் இல்லை. வேமோ டாக்சி 4. குறிப்பிட்ட நகரப் பகுதிக்குள் மட்டும்தான் ஓடும், அதாவது அதற்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி. நடுவில் உள்ள 2-ம் 3-ம்தான் எனக்குப் பயம் தருபவை. 'நான் ஓட்டுகிறேன், ஆனால் நீ முழித்திரு' என்பது 2. 'நான் ஓட்டுகிறேன், கூப்பிட்டால் வா' என்பது 3. தூக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட்டு, இரண்டு விநாடியில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் என்ன ஆகும்?

நூற்றுக்கு 94?

தானாக ஓடும் வண்டிகளை விற்பவர்கள் அடிக்கடி ஒரு எண்ணைச் சொல்வார்கள். 94 சதவீத விபத்துகளுக்கு மனிதத் தவறுதான் காரணம், அதனால் மனிதனை எடுத்துவிட்டால் 94 சதவீதம் குறையும் என்று. இந்த எண் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஆய்வில் இருந்து வந்தது. ஆனால் அந்த ஆய்வு சொன்னது, விபத்துக்கு முந்தைய கடைசிக் கண்ணி டிரைவரிடம் இருந்தது என்பதை மட்டும்தான். அதுவே முழுக் காரணம் என்று அது சொல்லவில்லை. என் அப்பா விஷயத்தில் கடைசிக் கண்ணி அவர் மூடிய கண். அதற்கு முந்தைய கண்ணி பகல் பூராவும் லோடு இறக்கக் காத்திருந்தது. அதற்கும் முந்தையது க்ளீனருக்குச் சம்பளம் கொடுக்க வாடகை கட்டுப்படியாகாதது. இதை எந்த லைடார் பார்க்கும்?

2022-ல் மட்டும் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 பேர் சாவு என்கிறது மத்திய அரசின் அறிக்கை. நாளைக்கு 460 பேர். இந்த எண்ணைப் பார்த்த பிறகு 'இயந்திரம் வேண்டவே வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே சமயம் 'வேலை போய்விடும், அதனால் டிரைவர் இல்லாத கார்களை அனுமதிக்க மாட்டோம்' என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-ல் சொன்னபோது எங்கள் வீட்டில் கைதட்டியிருப்பார்கள் என்பதும் உண்மை. நான் இரண்டு பக்கமும் நிற்கிறேன். சிரிக்காதீர்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டல்லஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே 2025-ல் அரோரா என்ற கம்பெனி டிரைவர் இல்லாத லாரியை விட்டது. சில வாரத்திலேயே லாரி தயாரித்த கம்பெனி கேட்டுக்கொண்டதால் முன் சீட்டில் மறுபடி ஒரு ஆளை உட்கார வைத்தார்கள். ஓட்டுவதற்கு இல்லையாம், பார்ப்பதற்காம்! அப்பாவிடம் சொன்னேன். "பரவால்ல, க்ளீனர் வேலையாவது மிச்சம்" என்றார்.

என்னைக் கேட்டால், காலி சீட்டுக்கு முன்னால் நமக்கு வேண்டியது வேறு. ஐரோப்பாவில் 2015 நவம்பரில் இருந்து புதிய கனரக லாரிகளில் தானியங்கி அவசர பிரேக் கட்டாயம். டிரைவர் பார்க்காவிட்டாலும் முன்னால் வண்டி நின்றால் ரேடார் பார்த்து பிரேக் போடும். மனிதன் பார்த்து, புரிந்து, பிரேக் மிதிக்க ஒன்றரை விநாடி என்றால், 60 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடிக்கும் முன்பே 25 மீட்டர் போய்விடும். இயந்திரத்துக்கு 0.2 விநாடி என்று வைத்தால் மூன்றேகால் மீட்டர்தான். மிச்சமாகும் 21 மீட்டரில் ஒரு குடும்பம் பிழைக்கும். யாருடைய வேலையும் போகாது. நம் நாட்டில் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் ஆகியிருக்கிறது. பலர் இதை ஆடம்பரம் என்று கேலி செய்கிறார்கள். மே மாதம் நாக்பூர் ரோட்டில் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்து பார்த்தால் அது பாதுகாப்புச் சாதனம் என்பது புரியும்.

ஒரு தள்ளுவண்டியும் ஒரு துண்டும்

எங்கள் குழுவின் இறுதியாண்டு புராஜெக்ட், கறுப்பு டேப் ஒட்டிய கோட்டின் மேல் தானாகப் போகும் ஒரு தள்ளுவண்டி. பாரெட் கம்பெனியின் இரண்டு காயிலுக்குப் பதிலாக இரண்டு இன்ப்ரா ரெட் சென்சார், தத்துவம் அதேதான். கண்காட்சி நாளன்று அப்பா முதல் தடவையாக நம் கல்லூரிக்குள் வந்தார். செருப்பை ஹால் வாசலிலேயே கழற்றிவிட்டார், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. வண்டி ஓடுவதைப் பார்த்தவர், பேசாமல் போய்க் கோட்டின் மேல் காலை வைத்து நின்றார். வண்டி நேராகப் போய் அவர் காலில் முட்டியது. "கோடு தெரியுது. ஆளு தெரியலையே அம்மிணி?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு டெம்பி ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம் முன்னால் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார் மாட்டினோம். அட்டைப்பெட்டி வைத்தால் 20 செ.மீ. தள்ளி அழகாக நின்றது. சனிக்கிழமை வண்டியை வீட்டுக்கே எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். பெட்டிக்கு நின்றது. சுவருக்கு நின்றது. அவர் சிரித்துக்கொண்டே தோளில் இருந்த துண்டை எடுத்து வண்டிக்கு முன்னால் தொங்கவிட்டார். வண்டி துண்டுக்குள் நுழைந்து போய்க்கொண்டே இருந்தது. மெத்தென்ற துணி ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது, போதுமான அளவு திருப்பி அனுப்புவதில்லை என்று விளக்கினேன்.

"அப்ப சேலை கட்டிட்டு ரோட்டைத் தாண்டறவங்க?" என்றார்.

இப்போது சென்சாரோடு சேர்த்து ஒரு பம்பர் ஸ்விட்சும் மாட்டிக்கொண்டிருக்கிறோம். துண்டு மட்டும் இன்னும் எங்கள் ஒர்க்‌ஷாப் பெஞ்சில்தான் இருக்கிறது. அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார், டெஸ்ட் முடியாமல் தருவதாக இல்லை.